மழை பார்க்காத வீடு

அத்தியாயம் 11

போன வாரம் இசக்கிச்செல்வியை ஒரு மழையோடு தனியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், புதன்கிழமை ராத்திரி முழுக்க அவள் கண் மூடவில்லை.

கோவில்பட்டியில் மழை வராதா என்று விழித்திருப்பவர்கள் உண்டு. மழை வந்துவிட்டதே என்று விழித்திருப்பவர்கள் குறைவு. ஐப்பசி பிறந்து இத்தனை நாளும் வானம் ஏய்த்துக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் அது பெய்வதற்குத் தேர்ந்தெடுத்த நாள்தான் சரியில்லை. வெள்ளிக்கிழமை விடிகாலையில் இசக்கிச்செல்வியின் புதுவீட்டில் பால் காய்ச்ச வேண்டும்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. புதியம்புத்தூரிலிருந்து வெட்டி வருகிற நைட்டித் துணிகளை வீட்டில் வைத்துத் தைத்தே இசக்கிச்செல்வி தன் பெயரில் ஒரு மனை வாங்கினாள். எட்டயபுரம் ரோட்டில், நேற்றுவரை உளுந்து விதைத்த கரிசல்காடு. கணவன் வேல்ராஜ் கழுகுமலை பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கேட்பதைத் தவிர மற்றபடி வாய் திறக்காத மனிதர். வீட்டைக் கட்டித் தந்தவர் வேல்ராஜின் அக்காள் ரேணுகாதேவியின் கணவர், கான்ட்ராக்டர் பூவனநாதன். அவருடைய மகன் முத்துசெல்வம் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு அப்பாவின் கட்டட வேலைகளை மேற்பார்க்கிறான். அவனுக்கும் இசக்கிச்செல்வியின் ஒரே மகள் சத்யபிரியாவுக்கும், பால் காய்ச்சும் அன்றே, அதே வீட்டில், நிச்சயத் தாம்பூலம்.

வீடு கட்டியவரும் அவரே, பெண் கேட்டவரும் அவரே. இப்படி ஒரு கொடுப்பினை யாருக்கு வாய்க்கும் என்று சொந்தக்காரர்கள் வயிறெரிந்ததைத்தான் இத்தனை வாரமாகப் பார்த்து வந்தோம்.

வியாழக்கிழமை காலையில் தாயும் மகளும் வீடு கழுவப் போனார்கள். கொத்தனார் ஒருவர் வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"சாவியை மொதலாளிகிட்ட குடுத்துருதேன்க்கா. சாயந்தரம் அவியளே கொண்டாந்து உங்க கையில தருவாவ."

மழை குடித்த கரிசல் செருப்போடு சேர்த்துக் காலைப் பிடித்துக்கொண்டது. வாசலுக்கு வருவதற்குள் சத்யபிரியாவின் ஒரு செருப்பு மண்ணிலேயே தங்கிவிட்டது. அவள் ஒற்றைக் காலில் நின்று சிரித்தாள். நாளைக்கு நிச்சயம் என்றால் பெண்களுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும்.

கூடம் கழுவியாயிற்று. அடுக்களை கழுவியாயிற்று. பின்னறைக்குப் போன சத்யபிரியா மட்டும் திரும்பி வரவில்லை.

"ஏட்டி, கதவை எதுக்கு இந்த இழு இழுக்க?"

"சாத்த மாட்டேங்குதும்மா. போன வாரம் நல்லாத்தான சாத்துச்சு? மழைக்கு மரம் ஊதிருக்கும்."

இசக்கிச்செல்வி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். மரம் ஊதவில்லை. கதவு மேலே ஒரு மூலையில் மட்டும் நிலையில் இடித்தது, மறு மூலையில் விரல் நுழைகிற இடைவெளி. நிலையே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அந்த மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பி, படிக்கட்டு மாதிரி ஏறி, ஜன்னல் வரைக்கும் போயிருந்தது. கோட்டின் இரண்டு பக்கமும் மட்டும் சுவர் வேறு வெள்ளையாக இருந்தது. பட்டி மாவு பூசி, மேலே ஒரு கை பெயின்ட் அடித்த வெள்ளை. நகத்தால் சுரண்டினாள். பட்டி உதிர்ந்தது, உள்ளே கோடு இன்னும் அகலமாக இருந்தது.

"இது நேத்து மழைக்கு விழுந்தது இல்லட்டி. முன்னாடியே விழுந்து, பூசி மறைச்சிருக்காவ."

"பெருசு பண்ணாதம்மா. நாளைக்கு நாலு பேர் வாற நேரம். முத்து அத்தான்கிட்ட சொன்னா வந்து பாத்துட்டுப் போறாரு."

முத்து அத்தான் என்று சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரல் மாறியதைத் தாய் கவனித்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து மாறுகிற குரல் அது.

எதிர்வீட்டு தௌலத் பேகம் தூக்குவாளியில் டீ கொண்டுவந்தாள். கணவர் ஜஹாங்கீர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். இந்தப் புது நகரில் முதல் வீடு அவர்களுடையது. டீயை ஊற்றிக் கொடுத்தவள் பின்னறைச் சுவரைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"செல்வி, நான் சொல்லுதேன்னு வருத்தப்படாத. உங்க வீடு இன்னும் ஒரு மழை பாக்கல."

கரிசல்காட்டில் பிறந்தவளுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை, ஆனால் வேறு மண்ணில் குடியிருக்கிற நமக்குத் தேவை. கரிசல் கோடையில் பாளம் பாளமாக வாய் பிளக்கும், மழை பெய்தால் உப்பி எழும். மேலே இருப்பது வீடா வேலியா என்று அது பார்ப்பதில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் வானம் தோண்டுகிறவர்கள், அதாவது அஸ்திவாரக் குழி எடுக்கிறவர்கள், கரிசல் முடிந்து கீழே கெட்டியான சுக்கான் கல் தட்டுகிற வரைக்கும் இறங்குவார்கள். அப்புறம் பேஸ்மட்டம் மட்டும் கட்டி, ஒரு மழைக்காலத்துக்குச் சும்மா போட்டுவிடுவார்கள். அது அமுங்குகிற அளவு அமுங்கி முடிந்த பிறகுதான் சுவர் எழும்பும்.

"எங்க வீட்டுக்காரவுக ரெண்டு மழைக்குப் போட்டு வச்சாவ. வாடகை வீட்டுல எத்தனை நாளைக்குக் கெடக்கன்னு நான்தான் தெனமும் சண்டை" என்றாள் தௌலத் பேகம்.

"தையில கல்யாணம் வைக்கணும்னு அண்ணாச்சி அவசரப்படுத்துனாவக்கா. சுக்கான் வரைக்கும் தோண்டியாச்சு, மழை பாக்கணும்ங்கிறதெல்லாம் அந்தக் காலத்துப் பழக்கம்னு சொன்னாவ."

"தோண்டுனதை நீ நின்னு பாத்தியா?"

இசக்கிச்செல்வி பார்க்கவில்லை. அந்த வாரம் புதியம்புத்தூர்க்காரர் அவசர ஆர்டர் என்று மூட்டை மூட்டையாக இறக்கியிருந்தார். வேல்ராஜுக்கு இரட்டை டூட்டி. இருவரும் வந்து பார்த்தபோது குழி மூடி, கான்கிரீட் போட்டாகிவிட்டது. சொந்த மனிதர் செய்கிற வேலைக்குக் காவல் நிற்பார்களா?

தௌலத் பேகம் தன் வீட்டுக்குப் போய் தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துக் கொண்டுவந்தாள்.

"இதை விரிசலுக்குக் குறுக்க ஒட்டி வை. சாயந்தரம் வரைக்கும் கிழியாம இருந்தா வெறும் பூச்சு விரிசல். கிழிஞ்சா செவுரு இன்னும் நகந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

நாளை சமையலுக்கு வாங்கி வைத்திருந்த மைதாவில் ஒரு கை எடுத்து, எதிர்வீட்டு அடுப்பில் இசக்கிச்செல்வி பசை காய்ச்சினாள். சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டிய கை. சுருக்கம் இல்லாமல், ஓரம் தூக்காமல், தாள் சுவரோடு சுவராக உட்கார்ந்தது.

"கிழியக் கூடாது தாயே" என்று செண்பகவல்லி அம்மனைக் கேட்டுக்கொண்டாள். தாளிடம் கேட்டாளா அம்மனிடம் கேட்டாளா என்பது அவளுக்கே தெரியாது.

மத்தியானம் வாடகை வீட்டுக்குத் திரும்பியதும் சத்யபிரியா பூஜை அலமாரியைத் திறந்தாள்.

"எதுக்குட்டி அதை எடுக்க?"

"வீட்டு ஒப்பந்தம் இங்கனதான இருக்கு? என்ன எழுதிருக்குன்னு பாக்குதேன்."

முருகன் படத்துக்குப் பக்கத்தில், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, ஒப்பந்தத்தின் நகல் இருந்தது. மாசி மாதத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதற்குச் சூடம் காட்டியிருக்கிறார்கள். மேல் தாள் புகையேறிப் பழுத்திருந்தது. அத்தனை பக்தியாகக் கும்பிட்ட அந்தத் தாள்களை அந்த வீட்டில் ஒருவர்கூட ஒரு தடவையும் வாசித்ததில்லை.

சிரிக்க வேண்டாம். உங்கள் பீரோவுக்குள் இருக்கிற பத்திரங்களில் எத்தனையை நீங்கள் வாசித்திருக்கிறீர்கள்?

கையெழுத்தான நாள் இசக்கிச்செல்விக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. பூவனநாதன் வெற்றிலைத் தட்டில், பழம், பூவோடு பத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும் தங்கச்சி. அதுக்கு முந்தி போட்டுரு" என்றார். "என்ன எழுதிருக்குன்னு நான் வாயால சொல்லுதேன், கேட்டுக்கோ. சுக்கான் தட்டுத வரைக்கும் வானம் தோண்டுதேன். எத்தனை வருசம் ஆனாலும் செவுத்துல ஒரு கோடு விழுந்தா நான் வந்து நிப்பேன். போதுமா?"

போதாமல் என்ன? மணி பத்தேகாலைத் தாண்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள். பென்சிலால் குறித்திருந்த இடத்திலெல்லாம் இசக்கிச்செல்வி கையெழுத்துப் போட்டாள். நாத்தனார் புருஷன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது தாளைப் புரட்டி வாசித்தால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது போல் ஆகிவிடாதா?

இப்போது மகள் வாசித்தாள்.

"'அஸ்திவாரத்தின் ஆழம் நான்கு அடிக்கு மேற்படாது.'"

"நாலடியா? நல்லாப் பாருட்டி."

"எழுத்துலயே எழுதிருக்கும்மா. இன்னும் கேளு. 'மண்ணின் தன்மையால் ஏற்படும் விரிசல்களுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பல்ல.' அப்புறம் கடைசிப் பக்கத்துல... 'இரு தரப்பினரும் வாய்மொழியாகப் பேசிய எதுவும் இந்த ஒப்பந்தத்தில் அடங்காது.'"

"அப்படின்னா?"

"அப்படின்னா, அன்னிக்கு மாமா நம்ம வீட்டுல உக்காந்து பேசுனது எதுவுமே கணக்குல கெடையாது."

இசக்கிச்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தையல் மிஷினுக்குப் பின்னால் சுவரில் மகளின் நிச்சயத்துக்குத் தைத்த ரவிக்கை தொங்கியது. கழுத்தில் மணி கோத்தது, கையில் ஜரிகை வைத்தது. ஊருக்கெல்லாம் நைட்டி தைத்து அலுத்த கை, அந்த ஒரு ரவிக்கையை மட்டும் ஆசையாசையாகத் தைத்திருந்தது.

சத்யபிரியா துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்கட்டி கெளம்புத?"

"முத்து அத்தான் இன்னிக்குக் கடம்பூர்ல நிக்காரு. நேர்ல கேட்டுட்டு வாரேன்."

"போன்ல கேளேன். மழை வேற கட்டிக்கிட்டு நிக்கி."

"மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்மா."

"ஏட்டி, சண்டை கிண்டை போட்டுறாத. நாளைக்குத் தாம்பூலம்."

மகள் படியிறங்கினாள். சண்டை போடத்தான் போகிறாளோ, சமாதானம் சொல்லிக் கூட்டிவரப் போகிறாளோ என்று இசக்கிச்செல்விக்குப் பிடிபடவில்லை. பெற்ற மனசு தனக்குப் பிடித்ததைத்தான் நம்பும். ஒரு சின்ன மனத்தாங்கல், அவன் நாலு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் புதுவீட்டுக்குப் போனபோது வேல்ராஜ் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். பின்னறைக் கதவு இப்போது சுகமாகச் சாத்தியது. கொத்தனார் சொல்லி ஆசாரி வந்து மேல் மூலையைச் சீவிவிட்டுப் போயிருந்தார். சுவர் நகர்ந்தால் கதவைச் சீவுவது! காலில் செருப்பு கடித்தால் காலை வெட்டச் சொல்லாமல் விட்டார்களே என்று எரிச்சலாக வந்தது அவளுக்கு.

பிறகு சுவரைப் பார்த்தாள்.

காலண்டர் தாள் மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்திருந்தது. பசை விடவில்லை, ஓரம் தூக்கவில்லை. இரண்டு துண்டும் ஒட்டிய இடத்திலேயே இருந்தன, நடுவில் மட்டும் சுண்டுவிரல் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி.

"ஏங்க, இங்க வாங்க. இதைப் பாருங்க."

வேல்ராஜ் வந்தார். பார்த்தார். கையிலிருந்த சணல் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"அத்தான் வரட்டும். பேசிக்கிடுவோம்."

"யாரு பேசுவா? நீங்களா?"

வெளியே கார் வந்து நின்றது.

பூவனநாதன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு, யாரைக் கண்டாலும் ஒரு உறவுமுறை. கையில் புதுச் சாவிக்கொத்து, இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை.

"என்ன மாப்ள, வாழை ஒரு பக்கமாச் சாயுதே? இழுத்துக் கட்டு. தங்கச்சி, வா வா. ராகுகாலமெல்லாம் முடிஞ்சிட்டு. இதுல ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுச் சாவியைப் பிடி. உங்க அண்ணன் பொறுப்பு இதோட முடிஞ்சுது."

உறைக்குள் முத்திரைத்தாளில் அடித்த ஒற்றைப் பக்கம். தலைப்பில் பணி நிறைவுத் திருப்திக் கடிதம் என்று இருந்தது.

இசக்கிச்செல்வி அதை வாங்கினாள். பேனாவை வாங்கவில்லை.

"வாசிச்சுக்கிடுதேன் அண்ணாச்சி."

வேல்ராஜ் தரையைப் பார்த்தார். பூவனநாதனின் சிரிப்பு மட்டும் மாறவில்லை.

"தாராளமா வாசி. இதுல என்ன இருக்கு?"

அவள் மனசுக்குள் வாசிக்கவில்லை, வாய்விட்டே வாசித்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக. வீட்டை நேரில் சோதித்துப் பார்த்து முழுத் திருப்தியோடு ஒப்புக்கொள்கிறேன். அஸ்திவாரத்திலோ சுவரிலோ எந்தக் குறையும் இல்லை. இனிமேல் குறை எது தெரிந்தாலும் எந்தக் கோர்ட்டிலும், நுகர்வோர் ஆணையத்திலும் முறையிட மாட்டேன். என் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி...

"பின்னறைச் செவுத்துல தாள் ஒட்டி வச்சிருந்தேன் அண்ணாச்சி. கிழிஞ்சு போச்சு."

"கரிசல்ல வீடுன்னா ரெண்டு ஹேர் கிராக் விழத்தான் செய்யும். தை பொறந்து வெயில் வந்தா தானா மூடிக்கிடும். பட்டி பாத்துட்டா ஒருத்தனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

அப்படிச் சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். ஆனால் நிறுத்தவில்லை.

"சுக்கான் தட்டுத வரைக்கும் தோண்டுனதாச் சொன்னீங்க. கோடு விழுந்தா வந்து நிப்பேன்னு சொன்னீங்க. அந்த ரெண்டையும் இந்தத் தாள்லயே ஒரு ஓரமா எழுதித் தந்துருங்க. இப்பமே போட்டுடுதேன்."

"செல்வி..." என்றார் வேல்ராஜ், காதுக்கு எட்டாத குரலில்.

பூவனநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாவிக்கொத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார். இப்போதும் கோபம் இல்லை. அதுதான் இசக்கிச்செல்விக்கு உதறலாக இருந்தது.

"வாயால சொன்னது போதாது, எழுதித் தாங்கன்னு சொல்லுத. அப்படித்தான தங்கச்சி?"

"தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி..."

"நான் தப்பா நெனைக்கல. நீ சொல்லுதது ஞாயந்தான். எழுதாத பேச்செல்லாம் பேச்சே இல்ல. அப்போ ஒண்ணு கேக்குதேன். முத்துசெல்வத்துக்கும் நம்ம சத்யாவுக்கும்னு நாம பேசுனமே, அதை யாரு எழுதுனா? எங்க எழுதுனா?"

வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. வாழை இலைகளில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது.

"அதுவும் வாய்வார்த்தைதான. உங்க மதினி வீட்டுல தாம்பூலத் தட்டைத் தொடச்சு வச்சிட்டு உக்காந்திருக்கா. போய் அதைத் திரும்ப ஏத்தி வைன்னு சொல்லணும்னா சொல்லிருதேன். நாளைக்கு வாறவிய கேட்டா, பொண்ணைப் பெத்தவங்க எல்லாத்தையும் எழுதிக் கேட்டாவ, நமக்குச் சரிப்படலன்னு நான் பதில் சொல்லிக்கிடுதேன். பொம்பளப்புள்ளைக்குத்தான் பேரு கெடும், நமக்கென்ன?"

இசக்கிச்செல்வி கணவரைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் இந்தக் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கும். வேல்ராஜ் கையில் சுற்றிய கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். விரல் நுனி வெளுத்திருந்தது.

சத்யபிரியாவின் குரல் அவள் காதில் கேட்டது. முத்து அத்தான் என்று சொல்லும்போது மட்டும் மாறுகிற குரல். அந்தப் பிள்ளை கடம்பூர் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருப்பாள். சமாதானமாகி, மனசு லேசாகி வருவாள். வந்து நிற்கிறவளிடம், உன் கல்யாணத்தை ஒரு சுவருக்காக முறித்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சுவர் போனால் முட்டுக் கொடுக்கலாம். பிள்ளை மனசுக்கு எதைக் கொடுக்க?

"பேனாவைத் தாங்க" என்றாள்.

போன தடவை வாசிக்காமல் போட்டாள். இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் வாசித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்து, அது அத்தனையும் பொய் என்றும் தெரிந்து போட்டாள். யாருடைய வற்புறுத்தலும் இன்றி என்ற வரிக்கு நேர் கீழே அவள் பெயர் விழுந்தது.

பூவனநாதன் தாளை உறையில் வைத்து, சட்டைக்குள் பத்திரப்படுத்தினார். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நல்லா இருங்க. காலைல நேரத்தோட வந்துருதோம்."

கார் கிளம்பிப் போனது. மழை வலுத்தது. கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டார். அவள் அதைக் குனிந்து எடுத்துச் சுருட்டி வைத்தாள்.

சத்யபிரியா வந்து சேர்ந்தபோது உச்சி முதல் கால் வரை நனைந்திருந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. கழுவி விட்ட தரையில் கரிசல் காலடி பதியப் பதிய நேரே அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நாலடியில ஈரக் கரிசல்தான் இருந்துச்சாம்மா. இன்னும் எறங்கணும்னு கொத்தனார் சொல்லிருக்காரு. மாமா போதும்னுட்டாவளாம்."

"யாரு சொன்னா?"

"முத்து அத்தானே சொன்னாரு. பக்கத்துலதான் நின்னிருக்காரு. போன மாசம் விரிசல் விழுந்ததும் ஆள் வச்சுப் பட்டி பாத்ததும் அவருதானாம்." அவள் மூச்சு வாங்கினாள். "எங்ககிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்னாரும்மா. சாதாரணமாச் சொன்னாரு. மொதல்ல கையெழுத்துப் போடு, பொறவு வாசிச்சுக்கோன்னு சொல்லுத மாதிரி."

"ஏட்டி..."

"வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாளைக்குத் தட்டைத் தூக்கிக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்தக் கடிதத்துல மட்டும் நீ கையெழுத்துப் போட்டுறாதம்மா. மாமா இன்னிக்குக் கொண்டாருவாவன்னு அவரு சொன்னாரு. அதைச் சொல்லத்தான் பஸ்ஸுல இருந்து போன் போட்டுக்கிட்டே வாரேன். நீ எடுக்கவே இல்ல."

இசக்கிச்செல்வியின் போன் வாடகை வீட்டில், மிஷின் மேல், அந்த ரவிக்கைக்குக் கீழே கிடந்தது.

அவள் மூடியிருந்த உள்ளங்கையைத் திறந்தாள். புதுச் சாவிக்கொத்து மினுமினுத்தது.

சத்யபிரியா சாவியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"போட்டுட்டியா?"

"உனக்காகத்தாம்ட்டி போட்டேன்."

அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பெண் அழுதாள். கடம்பூரில் அழவில்லை, பஸ்ஸில் அழவில்லை. ஈரத் துணியோடு அம்மாவின் தோளில் விழுந்து, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதாள். இசக்கிச்செல்விக்குக் கண்ணீர்கூட வரவில்லை.

வாசலில் வண்டி உதைக்கிற சத்தம் கேட்டது. மழையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேல்ராஜ் தன் பழைய டிவிஎஸ்ஸைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"இந்த மழையில எங்க போறீங்க?"

"அக்கா வீட்டுக்கு."

"எதுக்கு?"

"அந்தத் தாளைக் கேக்க."

"குடுப்பாவளா?"

"தெரியல." அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "நான் பேசிருக்கணும் செல்வி. அந்த எடத்துல நான் பேசிருக்கணும்."

வண்டி கரிசல் சேற்றில் இழுத்து இழுத்துப் போய் ரோட்டில் ஏறியது. பின்விளக்கு எரியவில்லை. அக்காளிடம் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியறியாத மனிதர் இன்று அவள் வீட்டுப் படியேறி என்ன பேசப்போகிறார், அந்த உறை இன்னும் பூவனநாதனின் சட்டைக்குள்தான் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. விடிந்தால் ஊர் முழுக்க வந்து நிற்கும். அடுக்களை மேடையில் பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"வாட்டி, தலையைத் துவட்டு. பூட்டிட்டு வீட்டுக்குப் போவோம்" என்றாள் இசக்கிச்செல்வி.

மகளை வெளியே நிறுத்திவிட்டு வாசல் கதவை இழுத்தாள். தேக்குக் கதவு, இரண்டு பக்கமும் மயில் செதுக்கியது, காலையில் சொன்னபடி கேட்ட கதவு. நிலை வரைக்கும் வந்து நின்றது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சத்யபிரியாவும் வந்து சேர்ந்து இழுத்தாள். மேல் மூலையில் மரம் நிலையில் இடித்துக் கிறீச்சிட்டது. பூட்டின் நாக்கு தன் துளைக்கு மேலே எங்கோ நின்றது.

சாவி அவள் கையில் இருந்தது. கதவு சாத்த மறுத்தது. திறந்திருந்த இடைவெளி வழியாக மழைச்சாரல், நாளைக்குக் கோலம் போடுவதற்காகக் கழுவி வைத்த கூடத்தில் விழுந்துகொண்டிருந்தது.